வானொலியும் கைத்தொலைபேசியும்

"கைத்தொலைபேசி வந்தது, பிள்ளைகள் கெட்டார்கள்" என்று பெரியோர் கூறுவதையும், "அஃதின்றி ஒரு நாளும் கழியாது" என்று வாலிபர் மறுப்பதையும் நாம் நாள்தோறும் கேட்கின்றோம். இரு சாராரின் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் ஒரு கருவியின் நன்மை தீமைகளை நிறுத்தறிய இன்றைய அனுபவம் மட்டும் போதாது. கொழும்பு மாநகரம் கண்ட நூறாண்டு வரலாற்றையும் தராசில் இடுதல் வேண்டும்.

1923ஆம் ஆண்டில் தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் என்பார், ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றிலிருந்து கைப்பற்றப்பட்ட கருவிப் பாகங்களைக் கொண்டு கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். 1925 டிசெம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படையினருக்காக இங்கு இயங்கிய வலிமைமிக்க சிற்றலை நிலையம் 1949இல் இலங்கை வானொலியின் வசமாயிற்று. அடுத்த ஆண்டு வர்த்தக சேவை தொடங்கிற்று.

அக்காலத்தே இந்தியாவில் நிகழ்ந்தது நமக்கு முதற் பாடமாகும். 1952இல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கின்றன எனக் கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றைக் கட்டுப்படுத்தினார். நேயர்கள் வானொலிப் பெட்டியை மூடிவிடவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கையைக் கேட்டனர். தமிழ்நாட்டு இல்லங்களிலே கொழும்பின் குரல் ஒலித்தது. ஈற்றில், 1957இல், 'விவித பாரதி' என்னும் சேவையைத் தொடங்கி இந்திய வானொலியே அப்பாடல்களுக்கு இடமளித்தது. தடை ஆவலை அடக்குவதில்லை. வேறு வாயிலைத் தேடவே செய்யும் என்பது இதனாற் புலனாம்.

இரண்டாம் பாடம் கசப்பானது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் பட்ட துயரை நம் பெரியோர் மறவார். அவ்வாரத்து வெள்ளிக்கிழமையாகிய 29ஆம் திகதி, புலிகள் நகருக்குள் புகுந்துவிட்டனர் என்ற பொய் பரவி, வன்செயலை மீண்டும் மூட்டிற்று. அன்று கைத்தொலைபேசி இல்லை, முகநூல் இல்லை. வாயும் செவியுமே போதியனவாயின. ஆகவே வதந்தியைப் பெற்ற தாய் கருவியன்று. மனிதரின் அச்சமும் பகையுமே. அதே வாரத்தில், இரத்மலானை முகாமில் அடைக்கலம் புகுந்தோர் உயிருடன் உள்ளனரா என்று அறியாது தொலைவிலிருந்த உறவினர் தவித்தனர். பொய் விரைந்தது, மெய் வந்து சேரவில்லை.

அதன்பின் நம் பிள்ளைகள் பலர் இலண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் சென்றனர். காலி வீதிக் 'கொமியூனிக்கேஷன்' கடைகளில் நிமிடக் கணக்கிற் காசு கொடுத்து, சொல்ல வந்ததிற் பாதியை மறந்து திரும்பிய தாய்மார் எத்தனை பேர்! இன்று அத்தாய் வீட்டிலிருந்தவாறே பேரப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுகின்றாள். 2022இல் எரிபொருட் பஞ்சத்தின்போது 'கியூ. ஆர்.' முறை வந்தபின் நாட்கணக்கில் நீண்ட வரிசைகள் குறுகியதையும் கண்டோம். இவற்றை அற்பமென யார் சொல்வார்?

தராசின் மறுதட்டையும் பார்ப்போம். 2018இல் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவிலே மலட்டு மருந்து கலந்ததென்ற பொய் கைத்தொலைபேசி வழியே பறந்தது. அங்கே வன்செயல் மூண்டது. மார்ச் மாதம் திகன முதலிய கண்டிப் பகுதிகளிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அரசு முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றை ஏறக்குறைய ஒரு வாரம் முடக்கிற்று. தன் தளம் தீமைக்குப் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனமே 2020இல் மன்னிப்புக் கோரிற்று.

2019 ஏப்ரல் 21இல், சைவரும் சென்று வணங்கும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தபோதும் அச்சேவைகள் முடக்கப்பட்டன. மாற்று வழி அறிந்த இளைஞர் பலர் தடையைத் தாண்டினர். வழியறியாத முதியோரே பிள்ளைகளின் குரல் கேளாது கலங்கினர். கேஸ்கர் காலத்துப் பாடம் மீண்டும் மெய்யாயிற்று.

எனில், வானொலிக்கும் இதற்கும் வேற்றுமை யாது? வானொலியில் ஒருவர் பேசினார்; பலர் கேட்டனர். பேசியவர்க்குப் பெயருண்டு, அவர் சொல்லுக்கு நிலையம் பொறுப்பேற்றது. இன்றோ கருவியைக் கையிற் கொண்ட ஒவ்வொருவரும் அறிவிப்பாளர். குரல் பெருகியது, பொறுப்புப் பெருகவில்லை. தீமையின் வேர் இதுவே என நாம் கருதுகின்றோம். கருவியைப் பறித்தல் மருந்தன்று. அன்று அறிவிப்பாளர் ஏற்ற பொறுப்பை இன்று நாமே ஏற்றலே மருந்து.

ஆதலின், வாலிப அன்பர்களே, ஒரு செய்தி கைக்கு வந்தவுடன் யார் சொன்னது, எங்கே, எப்போது என்று வினவுங்கள். விடை கிடையாவிடின் அதனை அனுப்பாது நிறுத்துங்கள். நமக்கு உவப்பான பொய்யாயின் இருமடங்கு ஐயுறுங்கள். பெரியோரே, பிள்ளைகளைக் கடிவதோடு நில்லாது, 1983இல் நீங்கள் கண்டதை அவர்க்குச் சொல்லுங்கள்.

நம்மைப் பற்றிப் பரவிய பொய்யால் எரிந்தவர் நாம். பிறரைப் பற்றிய பொய்யைப் பரப்பும் கை நம்முடையதாதல் கூடாது.