பித்தநாள முகப்பில் சுருக்குக் கம்பி: ஒரு சிகிச்சையின் வரலாறு

பித்தநாளமும் கணையநாளமும் முன்சிறுகுடலில் வந்து திறக்கும் இடம் ஒரு சிறு மேடு. 1720-இல் அதை விவரித்த ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஆப்ரகாம் வேட்டரின் பெயரே அதற்கு நிலைத்தது. அங்கே முளைக்கும் அடினோமா என்ற கட்டி புற்றுநோய் அல்ல. ஆனால் விட்டுவைத்தால் புற்றாக மாறக்கூடும். வளர்ந்து வழியை அடைத்தால் மஞ்சள் காமாலை வரும். வயிற்றைத் திறக்காமல் அதை அகற்றும் கருவிகள் 1970-களிலேயே கைக்கு வந்துவிட்டன. ஆனாலும் அம்முறை நம்பத்தக்க சிகிச்சையாக மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. அறுக்கத் தெரியாததால் வந்த தாமதம் அல்ல இது. அறுத்தபின் கணையத்தை எப்படிக் காப்பது என்பதுதான் தெரியவில்லை.

தொடக்கத்தில் கத்தி ஒன்றே வழி. 1898-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் இம்மேட்டிலிருந்த புற்றுக்கட்டியைக் குடலின் ஒரு பகுதியோடு வெட்டி, நாளங்களை மறுபடி குடலில் பொருத்தினார். 1935-இல் ஆலன் விப்பிள் கணையத்தின் தலைப்பகுதியையும் முன்சிறுகுடலையும் அகற்றும் பெரிய அறுவையை விவரித்தார். புற்றுக்கு அது தகும். சுண்டுவிரல் நுனியளவு அடினோமாவுக்கு அத்தனையையும் இழப்பது மிகை என்றே சொல்ல வேண்டும்.

மாற்றுவழிக்கு வித்திட்டது ஒளியிழை. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் ஹரால்ட் ஹாப்கின்ஸும் 1954-இல் இழைக்கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினர். சில ஆண்டுகளில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் எண்டோஸ்கோப்பை உருவாக்கினார். 1968-இல் வில்லியம் மக்கியூன் குழுவினர் அதன் வழியே வேட்டர் மேட்டுக்குள் குழாய் செலுத்தினர். 1974-இல் ஜெர்மனியில் கிளாசன், டெம்லிங் இருவரும், ஜப்பானில் கவாயும் அம்மேட்டின் வாய்த் தசையைக் கீறித் திறக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். பெருங்குடல் பாலிப்புகளைச் சுருக்குக் கம்பியால் அறுப்பதும் அதற்குள் வழக்கமாகியிருந்தது.

இரண்டையும் சேர்த்து மேட்டையே அறுத்தெடுத்த முதல் அறிக்கையாகச் சொல்லப்படுவது, ஜப்பானில் சுசுகி குழுவினர் 1983-இல் வெளியிட்டது. பத்தாண்டு கழித்து ஹாம்பர்க்கில் பின்மெல்லர், சொஹேந்திரா குழுவினர் 25 நோயாளிகளின் அனுபவத்தை எழுதியபோதுதான் முறை பரவலான கவனம் பெற்றது.

செய்முறையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். பக்கவாட்டில் பார்க்கும் எண்டோஸ்கோப்பை மேட்டுக்கு எதிரே நிறுத்துகிறார்கள். கம்பி வளையத்தை மேட்டின் தலைமாட்டில் ஊன்றி, விரித்து, அடிவரை இறக்கி, இறுக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். துண்டு விழுந்த கணத்தில் அவசரம் தொடங்குகிறது. குடலின் அசைவு அதைக் கீழே இழுத்துச் சென்றுவிட்டால் நோய்க்கூறு ஆய்வுக்கு எதுவும் மிஞ்சாது. எனவே வலையிட்டு உடனே பிடிக்கிறார்கள். முன்பே எடுத்த சிறு திசுத்துண்டுகள் உள்ளே ஒளிந்த புற்றைத் தவறவிடக்கூடும் என்பதால், முழுத் துண்டின் முடிவே தீர்ப்பு. பிறகு, அறுத்த பரப்பில் பித்தம் கசியும் வாய்க்குக் கீழே கணையநாள வாயைத் தேடி, மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஒன்றைப் பொருத்துகிறார்கள்.

வரலாற்றின் திருப்பம் அந்தச் சிறு குழாயில்தான் இருக்கிறது. அறுத்த இடம் வீங்கிக் கணையநாளம் அடைபட்டால் கணைய அழற்சி வரும். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. 2005-இல் வெளிவந்த ஹேர்வுட் குழுவினரின் ஆய்வில், ஸ்டென்ட் வைக்காத 9 பேரில் 3 பேருக்கு அழற்சி வந்தது. வைத்த 10 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. எண்ணிக்கை மிகச் சிறியது. ஆனாலும் நடைமுறை மாறியது. 2021-இன் ஐரோப்பிய வழிகாட்டுதலும் ஸ்டென்ட்டைப் பரிந்துரைக்கிறது.

இந்தியாவில் எண்டோஸ்கோப் சிகிச்சையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஹைதராபாத்தின் நாகேஸ்வர ரெட்டி. ஆனால் இச்சிகிச்சை தேர்ந்த கைகளுள்ள பெரிய மையங்களிலேயே நடக்கிறது. கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியிலிருந்து பார்த்தால் இதன் பொருள் விளங்கும். தமிழகத்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர் அது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின் வேலைக்கே பலர் நாள்தோறும் ரயிலேறி பெங்களூரு போகிறார்கள். உயர் சிகிச்சைக்கும் பெங்களூருவோ வேலூரோதான். கட்டி மீண்டும் முளைக்கலாம் என்பதால் மூன்று மாதத்துக்குள், பிறகு ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில், அதன்பின் குறைந்தது ஐந்தாண்டு வரை ஆண்டுதோறும் எண்டோஸ்கோப் வழியே பார்க்க வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். கூலியை விட்டு, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு போகும் அந்தப் பயணங்களின் செலவையும் சிகிச்சைச் செலவில் சேர்த்தே மருத்துவர் முதல் நாளில் நோயாளியிடம் பேச வேண்டும்.