நீருள் மறைந்த ஊரும் நிழற்படச் சான்றும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சிய மலைத்தொடர் நெடுந்தொலைவு பரந்து கிடக்கின்றது. அம்மலைகளிடையே வர்ஜீனியாவில் தோன்றி, டென்னசி மாநிலத்துள் இறங்கிவரும் ஆறு கிளிஞ்ச். அதன் பள்ளத்தாக்கில் லாய்ஸ்டன் என்றொரு சிற்றூர் இருந்தது. அவ்வூரை இன்று காண விரும்புவோர் நிழற்படங்களிலேதான் காணவேண்டும். ஊர் ஏரியின் அடியில் கிடக்கின்றது.

1933 மே 18-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட சட்டத்தால் டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையம் தோன்றியது. வெள்ளத்தை அடக்குதல், படகுப் போக்குவரத்தைப் பெருக்குதல், மின்சாரம் ஆக்குதல் ஆகியவை அதன் பணிகள். நம் நாட்டில் 1948-இல் அமைந்த தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்திற்கும் அதுவே முன்மாதிரி. ஆணையம் கட்டத் தொடங்கிய முதல் அணை, கிளிஞ்ச் ஆற்றின் குறுக்கே 265 அடி உயரத்தில் எழுந்த நாரிஸ் அணை.

அணைவேலை தொடங்கிய 1933-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஆணையத்திற்காகப் படமெடுக்க லூயிஸ் ஹைன் என்பார் அங்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 59. முன்னாளில் பள்ளி ஆசிரியர். பின்னர் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் சிறுவர் படும் பாட்டைப் படமாக்கி ஒரு நாட்டின் மனச்சான்றை உறுத்தியவர்.

அவர் எடுத்த படங்களில் லாய்ஸ்டனின் கடைத்தெருவைக் காண்கிறோம். ஓக்டேல் பள்ளியின் வகுப்பறையில் மாணவர் அமர்ந்திருக்கின்றனர். மரவீடுகளைக் காண்கிறோம், ராட்டினத்தில் கம்பளி நூற்கும் பெண்ணைக் காண்கிறோம். காட்சிகள் எளியவை, ஆனால் மாணவ நண்பர்களே, கல்வெட்டைப் படிக்கும்போது அதனைப் பொறித்த அரசன் யார் என்று கேட்கிறோம் அல்லவா? இங்கும் அக்கேள்வியைக் கேட்டாக வேண்டும். பள்ளத்தாக்கை நீரில் ஆழ்த்தவிருந்த ஆணையமே இப்படங்களுக்குக் கூலி கொடுத்தது. வறுமையைக் காட்டும் படம் அணையின் தேவைக்கும் சான்றாகிவிடும். அவ்வறுமை பொய்யன்று, மண்ணரிப்பால் வளம் குன்றிய வயல்களும் மின்விளக்கு அறியாத வீடுகளும் அங்கே மிகுதி. ஆயினும் ஹைன் அம்மக்களை இரங்கத்தக்கவராக மட்டும் காட்டவில்லை என்பது என் கருத்து. நூற்கும் பெண்ணின் கையில் தொழில் தெரிந்தவளின் உறுதி இருக்கின்றது.

படங்கள் சொல்லாதவையும் உண்டு. சுமார் 2,900 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நிலமுடையோர் விலை பெற்றனர். பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுதவர்க்கோ அவ்விழப்பீடு கிடையாது. ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்து வேறிடம் சேர்த்தனர். வாழ்ந்தோர்க்கு மட்டுமன்றி, மாண்டோர்க்கும் குடிபெயர்ச்சி!

1936 மார்ச்சில் அணையின் மதகுகள் அடைக்கப்பட்டன. நீர் மெல்ல ஏறி வயலையும் கடைத்தெருவையும் மூடிற்று. மறுகரையில் ஊர்களுக்கு மின்சாரம் வந்ததும் உண்மையே. ஹைன் 1940-இல் வறுமையில் மாண்டார். அவர் எடுத்த படங்கள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. லாய்ஸ்டன் மூழ்கிய இடத்தில் ஏரி அகன்று விரிந்திருப்பதால், அப்பகுதியை மக்கள் 'லாய்ஸ்டன் கடல்' என்று அழைக்கின்றனர்.