பாலும் சர்க்கரையும் ஒரு பருப்புச் சோறும்

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் பால் காய்ச்சிக் குடிபோன அன்று வந்தவர்களில் ஒரு பார்சி அம்மாவும் உண்டு. என் மனைவி வேலை பார்த்த பள்ளியில் மூத்த ஆசிரியை. எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. பக்கத்திலேயே, தாதர் பார்சி காலனியில் வீடு. காய்ச்சிய பாலில் சர்க்கரை போட்டுக் கையில் கொடுத்ததும் சிரித்துவிட்டார். "எங்கள் கதையை எங்களுக்கே கொடுக்கிறீர்களே!" என்றார்.

அந்தக் கதை நம் குடியிருப்பில் பலருக்கும் தெரிந்திருக்கும். ஈரானை அரபுப் படைகள் வென்றபின், தங்கள் ஜரதுஷ்டிர மதத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கப்பலேறிய ஒரு கூட்டம் குஜராத்தின் சஞ்ஜான் கரையில் வந்து இறங்கியது. அந்த நாட்டு மன்னர் ஜாதவ் ராணா, விளிம்பு வரை பால் நிறைந்த கிண்ணத்தை அனுப்பினாராம். இங்கே இடமில்லை என்று அர்த்தம். வந்தவர்களின் குரு அதில் கொஞ்சம் சர்க்கரையைப் போட்டுத் திருப்பி அனுப்பினாராம். வழியாமல் இனிக்க வைப்போம் என்று அர்த்தம்.

கதையைக் கேட்ட உற்சாகத்தில் நான் ஒரு தவறு செய்தேன். "ஆன்ட்டி, உங்கள் தான்சாக் ஒரு பாத்திரம் கொண்டுவந்திருக்கலாமே!" என்றேன். அவர் முகம் மாறியது. பிறகு என் மனைவியிடம் தனியாகச் சொன்னார்: தான்சாக்கை நல்ல காரியத்துக்குச் செய்யமாட்டார்கள். வீட்டில் சாவு விழுந்தால் மூன்று நாள் கறி கிடையாது. நாலாம் நாள் பருப்பும் காய்கறியும் ஆட்டுக்கறியும் சேர்த்துக் கொதிக்கவைத்த தான்சாக்கோடுதான் அந்த விலக்கு முடியும். ஓட்டல்களில் பார்சி உணவு என்றாலே முதலில் வருவது அதுதான், ஞாயிறு மதியம் பல பார்சி வீடுகளில் அதைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள் என்பதும் உண்மை. ஆனால் புதுவீட்டுக்கு ஆகாது. நம்மிலும் சில வீடுகளில் விசேஷ நாளில் அகத்திக்கீரை வாங்கமாட்டார்கள் இல்லையா, அதுபோல.

அந்த வெட்கத்தில்தான் இவர்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதல் ஆச்சரியம் பால் கதையிலேயே இருந்தது. பார்சிகளின் வருகையைச் சொல்லும் பழைய நூல் 'கிஸ்ஸா-இ-சஞ்ஜான்'. 1599இல் பஹ்மன் கைகோபாத் என்ற மதகுரு பாரசீகச் செய்யுளில் எழுதியது. அதில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அது வாய்வழியாக வந்த கதை. கிஸ்ஸாவில் இருப்பது நிபந்தனைகள். உங்கள் மதம் என்னவென்று விளக்குங்கள், இந்த நாட்டு மொழியைப் பேசுங்கள், பெண்கள் இந்த நாட்டு உடையை உடுத்தட்டும், ஆயுதங்களைக் கீழே வையுங்கள், கல்யாணங்களை மாலையில் நடத்துங்கள் என்றாராம் ராஜா. குடிவந்தவர்களுக்குக் கொடுத்த முதல் பைலா என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம் சங்கத்தின் விதிகளைவிடக் கடுமைதான்.

அவர்கள் வந்தது எட்டாம் நூற்றாண்டிலா பத்தாம் நூற்றாண்டிலா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கிஸ்ஸாவே வந்து பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியதுதான். ஆனாலும் அந்த நிபந்தனைகளின் தடம் இன்றும் தெரிகிறது. வீட்டு மொழி குஜராத்தி. பெண்களின் விசேஷ உடை சேலை. கல்யாணம் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகே. ஆகவே அவர்கள் கல்யாண விருந்து ராத்திரி விருந்து.

அந்த விருந்தை ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன். "ஜம்வா சாலோ ஜி" (சாப்பிட வாங்க) என்ற குரல் எழுந்ததும், நம் கல்யாண மண்டபம் போலவே கூட்டம் நகர்ந்தது. நீள மேசை, முன்னால் வாழை இலை, வரிசையாகப் பரிமாறிக்கொண்டு போகிறார்கள், அடுத்த பந்திக்காரர்கள் இடம் பார்த்து நிற்கிறார்கள். முதலில் ரொட்டியும், கேரட்டும் உலர்பழங்களும் சேர்த்த இனிப்பு ஊறுகாயும். பிறகு பச்சைச் சட்னி தடவி வாழை இலையில் சுற்றி வேகவைத்த மீன், பாத்ரா நீ மச்சி. கோழி, முட்டை, மட்டன் புலாவ். கடைசியில் லகன் நு கஸ்டர்ட், அதாவது கல்யாண கஸ்டர்ட். உலர்பழமும் புளிப்பு-இனிப்புச் சுவையும் ஈரான், இலையும் பருப்பும் குஜராத், கஸ்டர்ட் வெள்ளைக்காரன். அவர்கள் எங்கெங்கே வாழ்ந்தார்கள் என்பது ஒரே இலையில் தெரிந்துவிடும். முட்டை மட்டும் அவர்களுடைய சொந்தப் பைத்தியம். வெண்டைக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு என்று எதைச் சமைத்தாலும் மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றிவிடுவார்கள்.

கல்யாணத்துக்கு அழைப்பு வேண்டும். கஹம்பார் அப்படியல்ல. ஆண்டுக்கு ஆறு முறை வரும் பருவ விழா அது. பிரார்த்தனை முடிந்ததும் சமூகத்தில் ஏழை பணக்காரர் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். இறந்தவர்கள் பெயரில் குடும்பங்கள் கட்டளை வைத்துச் செலவை ஏற்பது வழக்கம். நம் ஊர்க் கோயில் அன்னதானக் கட்டளை மாதிரி.

அடுக்குமாடியில் இருக்கும் நமக்கு இன்னொரு செய்தி. மும்பையில் சமூகத்துக்கென்று வளாகக் குடியிருப்பு கட்டியதில் பார்சிகள் முன்னோடிகள். 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெரிசலைக் குறைக்க 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வந்தது. அந்த டிரஸ்ட் போட்ட தாதர் மனைகளில் நடுத்தரப் பார்சிகளுக்கு இடம் வாங்கித் தந்தவர் மஞ்சர்ஜி ஜோஷி என்ற பொறியாளர். ஜெர்பாய் வாடியா என்ற பெண்மணி குஜராத்திலிருந்து வந்த ஏழைப் பார்சிகளுக்குக் குறைந்த வாடகையில் வளாகங்கள் கட்டத் தொடங்கினார், மகன்கள் தொடர்ந்தார்கள். கொலாபாவில் உள்ள குஸ்ரூ பாக் 1934இல் வந்தது. உள்ளேயே விளையாட்டுத் திடல், அக்னி கோயில் எல்லாம் உண்டு.

ஆனால் இந்த வளாகங்களில் பார்சிகள் மட்டுமே குடியிருக்கலாம். அக்னி கோயிலுக்குள் நாம் போகமுடியாது. தாய் மட்டும் பார்சி என்றால் அந்தப் பிள்ளைகளைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. சாப்பாட்டு மேசை திறந்திருக்கிறது, வாசல் அவ்வளவு திறந்திருக்கவில்லை. சர்க்கரை பாலில் கரைந்துவிடும், இவர்கள் கரையாமல் இருக்கவே ஆயிரம் ஆண்டுகளாகப் பாடுபட்டிருக்கிறார்கள். அதன் விலையும் தெரிகிறது. 1941 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தவர்கள் 2011இல் 57,264 பேர். தாமதமான திருமணம், குறைந்த பிள்ளைகள், வெளிநாட்டுக் குடியேற்றம் என்று வேறு காரணங்களும் உண்டு. 2013இல் மத்திய அரசே 'ஜியோ பார்சி' என்று ஒரு திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. இதில் யார் சரி என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆன்ட்டியின் மகளே வெளியில் கல்யாணம் செய்துகொண்டவள். அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

நம் சென்னையிலும் ராயபுரத்தில் 1910இல் கட்டிய அக்னி கோயில் இருக்கிறது. ஊட்டியில் பிறந்த பார்சிப் பெண் மேரி கிளப்வாலா ஜாதவ், இரண்டாம் உலகப் போரின்போது சென்னை வழியாகப் போன சிப்பாய்களை உபசரிக்க ஒரு குழுவே அமைத்தார். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் அவர் தொடங்கியதுதான்.

எங்கள் பால் காய்ச்சிய கதைக்கு வருகிறேன். மறுநாள் காலை ஆன்ட்டி மறுபடி வந்தார். ஓட்டை போட்ட தகரப் பெட்டியில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, எங்கள் வாசலில் தட்டித் தட்டி மீன் கோலம் போட்டார். பையிலிருந்து ஒரு தூக்கு எடுத்துக் கொடுத்து, "நல்ல நாளுக்கு இதுதான்" என்றார். மோரி தார்: வெள்ளைச் சோறும், மஞ்சள் போட்டு வேகவைத்த துவரம் பருப்பும். கூடவே தொட்டுக்கொள்ளக் காரமும் புளிப்புமாக இறால் பாட்டியோ. எங்கள் அம்மா பருப்புச் சோற்றைப் பார்த்துவிட்டு, "இது நம்ம சாப்பாடுதானே!" என்று நெய் எடுக்கப் போனாள்.

ஆகஸ்டில் பார்சிப் புத்தாண்டு வரும்போது இப்போதும் எங்கள் வீட்டில் அது உண்டு. இறால் கிடைக்காத வருஷம் தக்காளித் தொக்கு வைத்துச் சமாளித்துவிடுவோம். ஆன்ட்டியிடம் மட்டும் சொல்லவில்லை.