மகர்: போருக்குப் பிந்திய கப்பல்

கடலோசை எட்டாத நெசவூர் சின்னாளப்பட்டி. ஆயினும் தறியில் ஓயாது ஓடும் நாடாவைக் கண்டு பழகிய கண்களுக்கு, வாழ்நாளெல்லாம் சுமந்து திரிந்த ஒரு கப்பலின் வரலாறு அயலாகத் தோன்றாது. இந்தியக் கடற்படையின் முதல் டாங்கி இறங்கு கப்பலான ‘மகர்’ அத்தகையது.

1940 இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டானியப் படை தன் கனரகக் கருவிகளைக் கைவிட்டு மீண்டது. துறைமுகமற்ற கரையிலும் டாங்கிகளை இறக்கவல்ல கலம் வேண்டும் என்னும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. 1941 நவம்பரில் அமெரிக்கக் கப்பற் பொறியாளர் ஜான் நீடர்மேயர் வரைந்த வடிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலங்கள் உருவாயின. அவையும் போதாமையால் பிரிட்டன் தானே மூன்றாம் வகையை வகுத்தது. டீசல் எந்திரம் கிடைக்காமையால் நீராவி எந்திரங்களைப் பூட்டினர்.

சுமார் 347 அடி நீளமுள்ள இக்கலங்களின் அடிப்பாகம் தட்டையானது. கரையை நெருங்கும்போது முன்புறம் நீரில் ஐந்தடிக்கும் குறைவாகவே அமிழ்ந்திருக்கும். பின்புற நங்கூரத்தை முன்னதாகவே கடலில் இட்டுவிட்டு, மூக்கைக் கரையில் ஏற்றுவர். முகப்பின் இரு கதவுகளும் திறக்கும், சாய்தளம் இறங்கும், டாங்கிகள் வெளியேறும். பின்னர் நங்கூர வடத்தைச் சுருட்டித் தன்னைத்தானே கடலுக்கு இழுத்துக்கொள்ளும்.

இவ்வகையில் 3011 என்னும் எண்ணுடைய கப்பல், ‘டைட்டானிக்’ கப்பலைக் கட்டிய பெல்பாஸ்ட் நகரத்து ஹார்லண்டு அண்டு உல்ஃப் நிறுவனத்தில் உருவாகி, 1945 பிப்ரவரியில் நீரிலிறங்கியது. மே மாதத்தில் ஜெர்மனி பணிந்தது. ஆகஸ்டில் ஜப்பானும் பணிந்தது. எதற்கெனப் படைக்கப்பட்டதோ அப்போர் முடிந்துவிட்டது. ‘அவெஞ்சர்’, அதாவது பழிதீர்ப்போன், என்னும் பெயர் அதன்பின்னரே அதற்கு வாய்த்தது. பழிதீர்க்க அப்போது பகைவர் எவருமில்லை.

1949 இல் இந்தியாவுக்கு வந்தபோது ‘மகர்’ எனப் பெயர் மாறியது. வடமொழி மகரம் இந்தியில் முதலையாயிற்று. நம் நிகண்டுகளிலோ சுறாவாயிற்று. காமன் கொடியிலும் கோயில் தோரணத்திலும் கண்ட அவ்விலங்கு, வாய்பிளக்கும் இரும்புக் கலத்துக்குப் பொருத்தமான பெயரே. 1966 இல் போலந்திலிருந்து ‘கரியால்’, ‘குல்தார்’ என்னும் சிறு இறங்கு கப்பல்கள் வரும்வரை, இவ்வினத்துப் பெருஞ்சுமையை மகரே தாங்கிற்று.

கரையிறக்கம் எளிய கலையன்று. 1971 டிசம்பரில் காக்ஸ் பஜார் கடற்கரையில் கரியாலும் குல்தாரும் வீரர்களை இறக்க முயன்றன. கரைக்கு முன்னிருந்த மணல்திட்டு தடுத்தது. அப்பாலிருந்த ஆழத்தில் இறங்கிய வீரர் இருவர் மூழ்கி மாண்டனர். பகைவர் குண்டு அவர்களைத் தொடவில்லை. ஆழமறியாத கடலே கொண்டுபோயிற்று.

பழைய கப்பல் ஓய்ந்தது, பெயர் ஓயவில்லை. கல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்தில் கட்டப்பட்ட புதிய மகர் 1987 இல் கடற்படையில் சேர்ந்தது. 2020 மே மாதத்தில், கொள்ளைநோய்க் காலத்தில், மாலைத்தீவிலிருந்து 202 இந்தியரைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. டாங்கிகளுக்கென வகுத்த வயிற்றில் வீடு திரும்பும் மாந்தர் வந்தனர். 2023 மே 6 அன்று கொச்சியில் அக்கப்பலும் பணி நிறைவுற்றது.

சுட்டு வீழ்த்திய கலங்களுக்கே வரலாறு பெரும்பாலும் பக்கம் ஒதுக்குகிறது. சுமந்து சென்று, இறக்கி, வெறுமையாய்த் திரும்பிய கலங்கள் பட்டியலில் ஒரு வரியாய் நின்றுவிடுகின்றன. வென்றவனைப் பாடிய புலவர் பலர். சுமந்தவனைப் பாடும் கடன் இன்னும் எஞ்சியிருக்கிறது.