இராப்பகல்: ஒரு தொகைச்சொல்லும் ஓசூர்ச் சனிக்கிழமையும்

சில ஆண்டுகளுக்கு முன் அகமதிப்பீட்டுத் தேர்வு ஒன்றைச் சனிக்கிழமைக்கு மாற்ற நேர்ந்தது. இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் துறைக்கு வந்து, அன்று தன்னால் எழுத இயலாது என்றான். காய்ச்சலா, ஊருக்குப் போகிறாயா என்று கேட்டேன். "இல்லீங்க ஐயா, அன்னிக்கு எங்களுக்கு ஓய்வுநாள்" என்றான். நாசரேத் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். தந்தை சிப்காட் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறார். சனிக்கிழமை ஷிப்டு விழும்போதெல்லாம் அதை மாற்றிக்கொள்ள உடன் வேலை செய்பவர்களிடம் இரந்து நிற்பது அவருக்கு வழக்கம் என்பதையும் அவனே சொன்னான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வராவிட்டால் சுழியம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தது பிறகுதான்.

ஏழாம்நாள் அட்வெண்டிஸ்டு சபையின் தென்னாசியத் தலைமையகம் 1989இல் புனேயிலிருந்து ஓசூருக்கு இடம் பெயர்ந்தது. அதன் அஞ்சல் முகவரியில் வரும் 'எச்.சி.எஃப்.' என்னும் எழுத்துகள் 1824இல் தோன்றிய ஓசூர்க் கால்நடைப் பண்ணையைக் குறிப்பவை. (ஆட்டுக்கடாவையும் வெள்ளாட்டுக்கடாவையும் தரிசனத்திற் கண்ட ஒரு தீர்க்கதரிசியின் நூலிலிருந்து பிறந்த சபைக்கு இதைவிடப் பொருத்தமான அண்டை அயல் வாய்க்காது.) அந்நூல் தானியேல். சபையின் வேர் அதன் எட்டாம் அதிகாரத்தில் வரும் ஓர் எண்ணில் இருக்கிறது: இரண்டாயிரத்து முந்நூறு. அத்தனை காலம் கழிந்தபின் பரிசுத்த ஸ்தலம் தூய்மை பெறும் என்பது அவ்விடத்துச் செய்தியின் சாரம்.

நம் மரபில் பழகியவருக்குக் குறிமொழி புதிதன்று. தொல்காப்பியம் உள்ளுறையைத் தெய்வம் நீங்கலான கருப்பொருள்களின் மீது நிறுத்துகிறது. வண்டும் மீனும் எருமையும் தம் செயலைச் செய்துகொண்டிருக்க, கேட்பவரே தலைவனையும் தலைவியையும் கண்டுகொள்ள வேண்டும். சித்தர் பரிபாஷைக்கோ குரு வேண்டும். குருவின்றி அது வெறும் மருந்துச் சரக்குப் பட்டியல். தானியேலின் குறிமொழி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இரு கொம்புள்ள ஆட்டுக்கடா மேதிய, பெர்சிய அரசு என்றும், வெள்ளாட்டுக்கடா கிரேக்க அரசு என்றும் தூதன் அந்த அதிகாரத்திலேயே உரை சொல்லிவிடுகிறான். விலங்குகளுக்கு உரை உண்டு, எண்ணுக்கு இல்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பூசல் முழுவதும் அந்த இடைவெளியில் நிகழ்ந்தது.

ஒரு நாளை ஓராண்டாகக் கொள்ளும் முறை பழையது. எண்ணாகமத்திலும் எசேக்கியேலிலும் அதற்குச் சான்று காட்டுவார்கள். ஐசக் நியூட்டனும் அம்முறையில் கணக்கிட்டவர். தானியேல், வெளிப்படுத்தல் நூல்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி அவர் இறந்தபின் 1733இல் அச்சாயிற்று. நியூயார்க் மாநிலத்து உழவர் வில்லியம் மில்லர் 1831 முதல் அதையே ஊரூராகப் பேசினார். எட்டாம் அதிகாரத்தின் எண்ணுக்குத் தொடக்க ஆண்டு சொல்லப்படவில்லை. மில்லர் அதை ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து இரவல் பெற்றார்: பெர்சிய அரசன் அர்தசஷ்டா எருசலேமுக்காகக் கட்டளை பிறப்பித்த கி.மு. 457. அங்கிருந்து இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டு எண்ணினால் 1843 வரும். கி.மு. 1க்கும் கி.பி. 1க்கும் இடையே சுழிய ஆண்டு இல்லை என்பதைக் கவனித்தால் 1844. பரிசுத்த ஸ்தலம் என்பது இப்பூமி, தூய்மை என்பது கிறிஸ்துவின் வருகையில் அது நெருப்பால் தூயதாவது என்பது அவருடைய உரை. 1844 அக்டோபர் 22 என்று நாளும் குறிக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் காத்திருந்தனர்; விளைந்ததை அறுக்காமல் நிலத்திலேயே விட்டவர்களும் உண்டு. நள்ளிரவு கடந்து விடிந்தது. எதுவும் நிகழவில்லை.

உரையாசிரியர்களைப் படித்துப் பழகிய எனக்கு இதற்குப் பின் நிகழ்ந்ததே வியப்பு. மறுநாட்காலை ஹைரம் எட்சன் என்பவர் ஒரு சோளக்காட்டைக் கடந்து நடக்கையில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. ஆண்டுக் கணக்குச் சரி, பரிசுத்த ஸ்தலத்துக்குச் சொன்ன பொருளே தவறு. அது மண்ணுலகம் அன்று, விண்ணிலுள்ள ஆலயம். எண்ணில் கைவைக்காமல் ஒரு சொல்லின் இடத்தை மாற்றிவிட்டார். நம் நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் 'மாட்டு' என்று சொல்லி அடிகளைத் தொலைவிலிருந்து கொணர்ந்து கூட்டுவதைப் பார்த்து முகம் சுளிக்காத தமிழாசிரியர் குறைவு. ஆயினும் அவருக்குப் பணயம் ஒரு செய்யுள்தான். எட்சனுக்கு முந்தைய நாள் வரை வாழ்ந்த வாழ்வு. இதைத் தோல்வியை மூடும் தந்திரம் என்று மட்டும் சொல்லிவிட என்னால் இயலவில்லை. மில்லர் இப்புதிய உரையை ஏற்காமலேயே 1849இல் இறந்தார்.

விண்ணாலயம் என்று ஒப்பியதும் அடுத்த படி தானே வந்தது. வெளிப்படுத்தல் நூலில் அந்த ஆலயம் திறக்கப்படுகையில் உடன்படிக்கைப் பெட்டி தெரிகிறது. பெட்டிக்குள் பத்துக் கட்டளை, அவற்றில் நான்காவது ஏழாம் நாள் ஓய்வு. ஜோசப் பேட்ஸ் என்னும் முன்னாள் கப்பல் தலைவர் 1846 முதல் இவற்றை இணைத்து எழுதினார். 1863இல் சபை அமைப்பாக உருப்பெற்றது. எண்ணிலிருந்து ஆலயத்துக்கும், ஆலயத்திலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து சனிக்கிழமைக்கும் வந்த பாதை இதுதான். சிப்காட் ஷிப்டு அட்டவணை வரை அது நீள்கிறது.

ஆனால் என் மாணவனின் முன்னோருக்குச் சனிக்கிழமை இந்த வழியில் மட்டும் வரவில்லை. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் அருமைநாயகம் சட்டம்பிள்ளை 1857இல் ஐரோப்பியக் குருமாரிடமிருந்து பிரிந்து தனிச்சபை கண்டார். சாணார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய நூல் மூட்டிய கோபமும் அதன் பின்னணியில் உண்டு. வெள்ளையர் சேர்த்துக்கொண்டவற்றை விலக்கி யூத மூலத்துக்கே திரும்புவதாகச் சொல்லி, ஓய்வுநாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். 1908இல் அட்வெண்டிஸ்டு ஊழியர் ஜே. எஸ். ஜேம்ஸ் அங்கே குடியேறியபோது சனிக்கிழமை ஏற்கெனவே காத்திருந்தது. தானியேலின் எண்ணைக் கொண்டு ஒருவர் வந்து சேர்ந்த நாளுக்கு, தன்மானத்தைக் கொண்டு இன்னொருவர் அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டார்! இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தென்னாட்டிலும் நாள் குறித்தவர்கள் உண்டு. திருவிதாங்கூரில் வித்வான் குட்டி எனப்பட்ட யுஸ்தூஸ் யோசேப்பு, தமிழ்ப் பிராமணராகப் பிறந்து கிறித்தவரானவர், ஆறாண்டில் வருகை என்று 1875இல் அறிவித்தார். 1881உம் கடந்தது. அவருடைய கூட்டம் 'யுயோமயம்' என்ற பெயரில் தொடர்ந்தது.

இனி மொழிக்கு வருகிறேன். எபிரேய மூலத்தில் 'நாள்' என்ற சொல்லே அவ்விடத்தில் இல்லை. 'மாலை காலை' என்ற இரு சொற்களை அடுத்தடுத்து வைத்து இரண்டாயிரத்து முந்நூறு என்கிறது. ஆலயத்தில் மாலையிலும் காலையிலும் பலி செலுத்தப்பட்டது. தடைப்பட்ட பலிகளைத் தனித்தனியே எண்ணினால் அவை ஆயிரத்து நூற்றைம்பது நாளுக்குள் அடங்கும். வரலாற்று முறை ஆய்வாளர்கள் பலர் இதைச் சிரிய அரசன் நான்காம் அந்தியோகஸ் கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியதோடும் கி.மு. 164இல் அது மீண்டும் தூய்மை செய்யப்பட்டதோடும் பொருத்துவர். நான் இப்பக்கமே சாய்கிறேன். வெள்ளாட்டுக்கடா கிரேக்கம் என்றபின் அதன் தலையில் முளைக்கும் சின்னக் கொம்பைக் கிரேக்க வழி அரசர்களில் தேடுவதே முறை. கணக்குத் துல்லியமாக விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாண்டுக்கு ஆயிரத்து நூறு நாள் கூட வராது. மறுபக்கத்தாருக்கும் வலுவான வாதம் உண்டு: ஆதியாகமத்தில் மாலையும் காலையும் சேர்ந்தே ஒரு நாள்.

1871இல் போவர் குழுவினர் திருத்தி வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்பு வழி வந்த வேதாகமம் ஆதியாகமத்தில் 'சாயங்காலமும் விடியற்காலமும்' என்று உம்மை விரித்துச் சொல்கிறது. தானியேலில் 'இராப்பகல்' என்று தொகுத்துவிடுகிறது. இரு இடங்களையும் பிணைக்கும் சொல்லுறவு தமிழில் அறுந்துபோயிற்று. ஆனால் இராப்பகல் என்று படிக்கும் எந்தத் தமிழனும் அதை இருபத்துநான்கு மணி நேரமாகவே எடுத்துக்கொள்வான். உயர்திணை உம்மைத்தொகை பலர்பால் ஈறு பெற்றுத் தன்னுள் இருப்பவர் ஒருவர் அல்லர், பலர் என்று காட்டிக்கொடுக்கும்; அஃறிணைத் தொகையில் அந்த உதவி இல்லை. ஆயிரத்து நூற்றைம்பது என்னும் கணக்குக்கே இடமில்லாமல் ஒரு தொகைச்சொல் கதவைச் சாத்திவிட்டது.

அந்த மாணவனை அழைத்து வெள்ளிக்கிழமை மதியம் தனியே தேர்வு வைத்தேன். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதினான். தாளை வாங்கிக்கொண்டு, இராப்பகல் என்பது உனக்கு ஒன்றா இரண்டா என்று கேட்டேன். "ஒண்ணுதாங்க ஐயா. ராத்திரிதானே முதல்ல வருது, எங்களுக்கு நாள் ஆரம்பிக்கிறதே அப்பத்தான்" என்றான். அல்லும் பகலும், இரவும் பகலும், இராப்பகல். இருபது ஆண்டாக உம்மைத்தொகை நடத்துகிறேன். நம் மொழியிலும் இரவே முன்னிற்பதை அன்றுதான் கவனித்தேன். சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு அவன் விடைபெற்றுக் கிளம்பினான். சூரியன் இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.