கட்டிலும் பாயும்

1850 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரி தோன்றியது. இன்று நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் போதனா வைத்தியசாலையின் மூலம் அதுவே. வடமாகாணத்தின் அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் அதனை நிறுவ முன்னின்றார் எனினும், நடத்தியது அரசாங்கமன்று. ஆபத்துக்குதவும் நண்பர் சங்கம் என்னும் தருமச் சங்கமே நடத்தியது. வரி வாங்குவதும், நீதிமன்றம் வைப்பதும், சிறைச்சாலை கட்டுவதும் அரசின் கடமை. ஏழையின் காய்ச்சலோ தருமவான்களின் பொறுப்பு. அக்காலத்து ஆட்சியாளரின் எண்ணம் இதுவாயிருந்தது. அரசாங்கம் அந்த ஆஸ்பத்திரியைத் தன் கையில் ஏற்றது 1907 இலேதான். இடையில் ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்தன. (அதே காலத்தில் மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து நூல்களும் ஆக்கினார். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். இங்கே விட்டுச் செல்கிறேன்.)

கொழும்பின் கதையும் பெரிதும் வேறுபட்டதன்று. இராணுவத்தின் நிழலில் இருந்த வைத்திய சேவை 1858 இல் தனிச் சிவில் திணைக்களமாயிற்று. தேசிய வைத்தியசாலை என இன்று பெயர் பெற்றிருக்கும் கொழும்பு பொது வைத்தியசாலை 1864 இல் நிறுவப்பட்டது. 1870 இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது அதற்கெனத் தனிக் கட்டிடம் இருக்கவில்லை. அவ்வைத்தியசாலையின் வாட்டு ஒன்றிலேயே வகுப்புகள் ஆரம்பமாயின. இடம் போதாமை நம் ஆஸ்பத்திரிகளோடு உடன்பிறந்த நோய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 1879 இல் பிள்ளைப்பேற்று மனை வேண்டியபோது சாள்ஸ் ஹென்றி டி சொய்சா என்னும் செல்வர் தம் குடும்ப இல்லத்தைக் கொடுத்தார். அக்குடும்பத்தின் செல்வம் சாராயக் குத்தகையிலும் தோட்டங்களிலும் திரண்டது. குடித்துக் கெட்டவனின் காசு, சுற்றி வந்து, அவன் மனைவிக்குக் கட்டிலாயிற்று.

இக்கட்டிடங்கள் எந்த எண்ணத்தின்மேல் எழுந்தன என்பதைச் சிறிது நின்று பார்ப்பது பயனுடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியான ஒத்தேல் தியூவில் ஒரே கட்டிலில் நால்வரும், சில வேளை அறுவரும் படுத்திருந்தனர்; பிணத்தின் அருகே உயிருள்ளவன் கிடந்தான். அறுவைச் சிகிச்சை வைத்தியர் தெனோன் இந்நிலையை அளந்து, எண்ணி, 1788 இல் நூலாக வெளியிட்டார். ஆஸ்பத்திரி என்பது தருமசாலையன்று, நோயைக் குணப்படுத்தும் ஒரு கருவி என்ற சிந்தனை அங்கேதான் உருப்பெற்றது. கிரைமியாப் போரிலிருந்து திரும்பிய பிளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859 இல் ஆஸ்பத்திரிகள் பற்றித் தமது குறிப்புகளை வெளியிட்டு, அச்சிந்தனைக்கு உலகெங்கும் செல்வாக்குத் தேடித் தந்தார். நீண்ட தனித்தனி வாட்டுகள், உயர்ந்த கூரை, எதிரெதிர்ச் சுவர்களில் யன்னல்கள், இரு வரிசையில் முப்பது கட்டில்கள் அளவில், கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி. நமது பழைய ஆஸ்பத்திரி எதனுள் நுழைந்தாலும் இவ்வமைப்பின் சாயலைக் காணலாம்.

வேடிக்கை என்னவெனில், அந்த அம்மையார் நோய்க்குக் காரணம் கெட்ட காற்றே என்று நம்பினார். கிருமிக் கொள்கையை நெடுங்காலம் ஏற்கவில்லை. காரணம் பிழை, கட்டிடம் சரி! காற்றும் வெளிச்சமும் நெருக்கமின்மையும் கிருமிக்கும் பகையாயிருந்தமையால் அத்திட்டம் வென்றது. ஆனால் அதன் அடியில் ஒரு நிபந்தனை இருந்தது. முப்பது கட்டிலுக்கு முப்பது நோயாளர் என்பதே அது. முப்பத்தோராவது நோயாளியை வாசலில் நிறுத்தும் உரிமையை நமது அரசாங்க ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டதில்லை. அவன் கட்டிலின் கீழே பாயில் படுத்தான். காற்றுக்கென விட்ட விறாந்தையும் வாட்டாயிற்று. திட்டமிட்டவன் கணக்கில் இது குறை. மனிதன் கணக்கில் இது பெருமை என்பதே என் கருத்து.

மலைநாட்டிலோ கட்டிடத்துக்குக் காரணம் வேறு. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளை சேர்ந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர் வாந்திபேதியாலும் அம்மையாலும் வழியிலேயே மடிந்தனர். 1872 இல் தோட்டப் பகுதிகளின் வைத்தியத் தேவைக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. மாவட்ட ஆஸ்பத்திரிகள் தோன்றின. ஆனால் தொழிலாளியின் ஆஸ்பத்திரிச் செலவு தோட்டத்தின் தலையில் விழுந்தமையால், துரைமார் அவனைக் காலந்தாழ்த்தியே அனுப்பினர். சாகும் தறுவாயில் போனவன் அங்கே செத்தான். ஆஸ்பத்திரி சாவதற்குரிய இடம் என்ற பயம் லயங்களிலே பரவியது. அதனை அறியாமை என்று எழுதி வைத்தவர்கள், அந்த அறியாமை எந்தக் கணக்கேட்டில் பிறந்தது என்பதை எழுதவில்லை.

1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. இதனை நமது ஆஸ்பத்திரி வரலாற்றின் முதன்மையான ஆண்டாகக் கொள்ளவேண்டும். 1934-35 இல் மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. கேகாலைப் பகுதிக் கிராமங்களில் மருந்தும் உணவும் சுமந்து சென்ற சூரிய மல் இயக்கத்து இளைஞர் பலர் பின்னர் இடதுசாரி இயக்கத்தின் தூண்களாயினர். பட்டினி கிடந்த உடலையே காய்ச்சல் கொன்றது என்பதை அவர்கள் கண்ணாற் கண்டனர். அதன்பின், தன் தொகுதிக்கு ஓர் ஆஸ்பத்திரி கேளாத சட்டசபை உறுப்பினரைக் காண்பது அரிதாயிற்று. வாக்குக்காகக் கட்டப்பட்ட கட்டிடங்கள் என்று அவற்றை இகழ்வோர் உண்டு. வாக்கு இல்லாத காலத்தில் அவை ஏன் கட்டப்படவில்லை என்று அவர்களைக் கேட்கவேண்டும்.

இதன் மறுபக்கம் கொடியது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையினர் குடியுரிமையும் வாக்கும் இழந்தனர். வாக்கு இழந்தவனுக்காகப் பாராளுமன்றத்தில் கட்டில் கேட்பவர் யார்? 1951 இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் ஒழிந்து நாடு இலவச வைத்தியத்தைப் பெற்றபோது, தேயிலையால் அந்த நாட்டின் திறைசேரியை நிரப்பியவர்கள் தோட்டத்து மருந்துச்சாலையோடு விடப்பட்டனர்.

இலவச வைத்தியமும், மலேரியா ஒழிப்பும், தாய் சேய் நலப் பணியும் சேர்ந்து சாவைக் குறைத்தன. 1946 இல் 66 இலட்சமாயிருந்த மக்கள் தொகை 1963 இல் ஒரு கோடி 5 இலட்சத்தைத் தாண்டியது. வீட்டிலே பிள்ளை பெற்றவள் ஆஸ்பத்திரியை நாடினாள். முன்பு விதியென்று கிடந்தவன் பஸ் ஏறினான். கட்டிடங்கள் கூடக்கூட நெருக்கமும் கூடியது. சிற்றூர் ஆஸ்பத்திரியில் கட்டில் வெறுமையாய்க் கிடக்க, நகரத்து வாட்டில் பாய் விரிப்பதைக் கண்டு அதிகாரிகள் சலித்துக்கொண்டனர். இதில் சலிக்க என்ன இருக்கிறது? சிற்றூரில் சுவரும் கூரையும் உண்டு; இரத்தம் சோதிக்க ஆய்வுகூடம் இல்லை, எக்ஸ்ரே இல்லை, நிபுணர் இல்லை. நோயாளி அறிவோடுதான் நடந்துகொண்டான். திறப்புவிழாக் கல்லில் அமைச்சரின் பெயரைப் பொறிக்க ஒரு நாள் போதும். தாதியரைப் பயிற்றி, அவர்கள் தங்க விடுதியும் கட்டி, ஆண்டுதோறும் சம்பளம் ஒதுக்குவது நெடுங்காலப் பணி. அதற்குத் திறப்புவிழா இல்லை.

இலவசமாதலால்தான் கூட்டம் என்ற வாதமும் எழுந்தது. அவ்வாதத்துக்கு 1971 இல் செவிசாய்த்தது, இடதுசாரித் தலைவர்களும் அமைச்சர்களாய் வீற்றிருந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம்! வெளிநோயாளர் ஒருமுறை வர 25 சதம். கூட்டம் குறைந்தது உண்மையே. அந்தக் காசைப் பொருட்படுத்தாதவன் தொடர்ந்து வந்தான். அதற்கும் கணக்குப் பார்க்கவேண்டியவனே வீட்டில் நின்றான். 1977 இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. நம்மவர் இச்செய்தியைப் பேசக் கூசுவதால் அது இல்லாததாகிவிடாது.

1984 இல் யப்பானின் நன்கொடையாக 1001 கட்டில்களோடு ஸ்ரீ ஜயவர்த்தனபுர வைத்தியசாலை திறக்கப்பட்டது. அழகிய கட்டிடம், ஆனால் தனிச் சபையின் கீழ், நோயாளரிடம் கட்டணம் பெறும் ஏற்பாட்டோடு. அங்கே பாய் விரிக்கவேண்டிய நிலை வராதபடி வாசலிலேயே ஒரு வடிகட்டி வைக்கப்பட்டது.

தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கச் சேவையோடு இணைக்கும் வேலை 1990களில் தொடங்கி, ஒரு பகுதியோடு நின்றது. கையேற்ற சிலவற்றிலும் வைத்தியர் நியமனத்துக்குக் காத்திருந்த காலமே நீண்டது. பிரசவ வேதனையோடு லயத்திலிருந்து புறப்படும் பெண், தோட்டத்து மருந்துச்சாலையைக் கடந்து, லொறியிலோ ஓட்டோவிலோ மலைப்பாதை இறங்கி நகரத்து ஆஸ்பத்திரியை அடைகிறாள். அங்கே வாட்டு நிரம்பியிருக்கிறது.