சுயாதீன இசை
‘சுயாதீனம்’ வடமொழியின் ‘ஸ்வ’, ‘அதீன’ என்னும் சொற்கள் சேர்ந்தது. தனக்குத் தானே உட்பட்டிருத்தல் என்பது பொருள். சைவ மடத்தைக் குறிக்கும் ‘ஆதீனம்’ இதே வேரினது. ஆங்கிலத்தின் ‘இண்டி’, ‘இண்டிபெண்டன்ட்’ என்பதன் சுருக்கம். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராத இசைக்கு பிரிட்டனில் 1980இல் தனி விற்பனைப் பட்டியலே தொடங்கியது. தமிழில் அளவுகோல் சினிமா: படத்துக்கென்று பிறக்காத பாட்டே சுயாதீனம். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கானாவோடு ராப்பையும் ராக்கையும் கலந்தது. புதிதாகக் கேட்க வருபவர் அங்கிருந்து தொடங்குவது நல்லது. சுயாதீன இசை ‘தனியிசை’ என்றும் வழங்குவதுண்டு. சொல் அழகுதான், ஆனால் ஒருவரே பாடுவது என்றும் மயங்க இடமுண்டு. சினிமா என்ற அளவுகோலின்படி, கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் தெருக்கூத்துப் பாட்டும் சுயாதீன இசையே. வழக்கு அதை ‘நாட்டுப்புறம்’ என்று பிரித்தே வைத்திருக்கிறது.